மூன்றாவது திரை

மார்ச் 4, செவ்வாய்

புதுத் திரை வந்துவிட்டது. மேசையில் இடம் இருக்கிறது, கணினியில் இல்லை. திரைகளை இயக்கும் என் கிராபிக்ஸ் கார்டில் திரை சொருக இரண்டே வாய்தான். காது கேளாதவர்களுக்காகப் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் என் வேலைக்கு மூன்று வேண்டும் என்று நிறுவனத்திலோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: பேசுகிறவர் முகம் ஒரு திரையில், அவர் பேசப் பேச நான் தட்டுவது இன்னொன்றில், காது கேளாதவரிடம் அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது மூன்றாவதில்.

தம்பி குனிந்து பார்த்தான். "என் பழைய கார்டு சும்மாதானே கெடக்கு. அதையும் சேத்துச் சொருகிடலாம்க்கா."

கடையை இழுத்து மூடி, மனைவியும் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனபின் ஒரு பெட்டியோடு இங்கே வந்தவன்; அதை இன்னும் பிரிக்கவில்லை. கேட்காமல் அவனாகப் பேசியது இன்றுதான். சரி என்றேன்.

மார்ச் 5

இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வயசு. ஒன்றை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டால் மற்றது கண்ணை மூடிக்கொள்கிறது. "சண்ட போட்ட சம்பந்திங்கள ஒரே சோபாவுல உக்கார வச்ச மாதிரி இருக்கு" என்றான். சிரித்தான் வேறு.

மார்ச் 7

மூன்றும் எரிகின்றன! முகத்தை ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு இழுத்தால் மட்டும் திக்குகிறது. போதும், விடு என்றேன். எங்கே விட்டான்? நான் அடுப்படிக்குப் போனால் போதும், வந்து உட்கார்ந்துவிடுகிறான். எதையோ மாற்றுகிறான், அணைக்கிறான், போடுகிறான். பால்கனிக்குப் போகிறான், உடனே திரும்புகிறான்.

கழற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் அவன் ஓரிடத்தில் உட்காருவதே இதன் முன்னால்தான். அவனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. காய்ந்த துணியை மறுபடி நனைத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

இன்றும் திரையில் எழுத்தின் அளவு மாறியிருக்கிறது. கேட்டால், "சும்மாக்கா."

மார்ச் 11, செவ்வாய்

இன்றைய வீடியோ அழைப்பில் நடந்தது.

ஒரு டாக்டர். எதிரில் காது கேளாத ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பரிசோதனை முடிவைச் சொல்லத் தொடங்கினார். தட்டிக்கொண்டே இருக்கிறேன் — மூன்று திரையும் ஒரே நேரத்தில் இருண்டுவிட்டது. குரல் மட்டும் காதில் வந்துகொண்டிருக்கிறது. "கட்டி" என்றார். "ஆபரேஷன்" என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தம்மாவோட உடம்பு. எனக்குத் தெரிஞ்சிருச்சு, அவங்களுக்குத் தெரியல.

எங்கள் வேலையில் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே இல்லாத மாதிரி இருக்க வேண்டும். ஹெட்செட்டில் மைக்கைத் திறந்தேன்.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க. நீங்க சொல்றது அவங்களுக்குப் போகல."

"யார் பேசறது?"

"எழுதறவங்க. தயவுசெஞ்சு நான் வர்ற வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க."

கத்தினேனா? கத்தியிருப்பேன். தம்பி ஓடி வந்தான். மின்சாரத்தைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, தன் கார்டை உருவிப் போட்டு, மறுபடி கிளப்பினான். இரண்டு திரைகள் வந்தன. டாக்டர் காத்திருந்தார். அந்தப் பெண்ணும் மடியில் கையை வைத்துக்கொண்டு, காலியான திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் முதலிலிருந்து சொன்னார். அந்த வார்த்தையை என் கையால்தான் தட்டினேன்.

காலையில் டிரைவரை மாற்றினானாம். என்னிடம் சொல்லாமல்.

மார்ச் 12

விடியும் வரை அவன் நடக்கும் சத்தம். காபி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

"ஓடிக்கிட்டு இருக்கறத ஏண்டா நோண்டுன?"

"ஓட ஆரம்பிச்சதும் எனக்கு வேலையில்லாமப் போச்சுக்கா."

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கார்டே இல்லாம மதர்போர்டுலயே திரை சொருக ஒரு வாய் இருக்கு. மூணாவது திரையில எழுத்து ஓட அது தாராளம். மொத நாளே தெரியும்."

"அப்ப ஏண்டா—"

"இந்த வீட்டுல என்னோடது ஏதாவது ஒண்ணு ஓடட்டும்னு தோணுச்சு."

திட்டத்தான் நினைத்திருந்தேன். "அக்கா வீட்டுல இருக்கறதுக்கு உனக்கு ஒரு காரணம் வேணுமாடா?" என்றுதான் கேட்க வந்தது. மேசைக்கடியில் புகுந்து, ஒயரை மாற்றிச் சொருகினான். மூன்றும் வந்தன.

மார்ச் 14

நிறுவனத்திலிருந்து அழைப்பு. வேலை போயிற்று என்றே நினைத்தேன். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பெண் எழுதியிருக்கிறாளாம்: எனக்காக டாக்டரை நிறுத்தச் சொன்னது அவர்தான், அடுத்த முறையும் அவரே வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

ஆபரேஷனுக்குப் பின் டாக்டருடன் அவளுடைய முதல் சந்திப்பு. எதுவும் இருளவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தால் தம்பி கதவுக்கருகே நிற்கிறான்.

"அந்தம்மாவுக்கு என்னாச்சு?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடா."

"நல்லா இருக்காங்களா, அத மட்டும் சொல்லு."

தலையாட்டினேன். அவன் தன் அறைக்குப் போனான்.

எங்கள் இருவருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பெட்டி கட்டிலுக்கடியில் காலியாகக் கிடந்தது. சட்டைகள் எல்லாம் அலமாரியில் ஏறியிருந்தன. அவன் பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு டீயையும் நானே குடித்தேன்.