ஒரு போன், இரண்டு பேர்

வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா போனோடு வந்தார். வீட்டுவேலைக்கு ஆள் அனுப்பும் ஆப், மோசடி என்று சொல்லி அவரையும் அவர் நாத்தனாரையும் நிறுத்திவிட்டதாம்.

"போன் ஒண்ணுதான் கீது தம்பி. காலை ஷிப்ட் நானு. மதியம் பங்காருபேட்டை ஸ்டேஷன்ல அவ கையில குடுத்துட்டு வருவேன். இதுல இன்னா மோசடி?"

ஒரே போனிலிருந்து இரண்டு பேர் ஆப்பில் நுழைந்தால் இருவரையும் நிறுத்தும்படி அந்தக் கம்பெனியின் பெங்களூரு ஆபீஸில் விதி எழுதியவன் நான்தான். அது அவருக்குத் தெரியாது.

இங்கிலீஷில் புகார் எழுதித் தரச் சொன்னார். ஒரு பிழைகூட இல்லாமல் எழுதிக் கொடுத்தேன், வெட்கமில்லாமல்.

"நீ எழுதினா கேப்பாங்க தம்பி" என்றார்.

அதை யாரும் படிக்கப்போவதில்லை. 'பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை' என்று பதில் தானாகவே போய்விடும். அந்த வரியையும் போன மாதம் நான்தான் எழுதினேன்.