காத்திருந்ததாகச் சொல்லப்பட்ட அழைப்புகள்

ஜூன் 3
அக்காவை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வரவேண்டாமாம். அவள் எடுத்த சில அழைப்புகள் ஏழு நிமிடம் வரை சும்மா கிடந்த பிறகே வண்டி கிளம்பியதாகப் பதிவு சொல்கிறது. அந்தப் பதிவை எழுதும் மென்பொருள் எங்கள் குழு செய்தது. முக்கியமாக, நான்.

ஜூன் 4
அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "அசதியில கொஞ்சம் கண்ண மூடிட்டியாக்கா?"

"உன் மிஷின் சொன்னா வேதவாக்கு, நான் சொன்னா கதையா?"

மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 5
என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். நேரம் இம்மி பிசகவில்லை. எங்கே ஓடினாலும் ஒரே மாதிரி ஓடவேண்டும் என்றுதானே மென்பொருளையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் கன்டெய்னர் என்ற ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறோம்? அப்படியென்றால் அக்கா — சே, எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 6
சர்வர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். இன்று வாய் திறந்தார்.

"ரெண்டு சர்வர்ல ஒண்ண மட்டும் போன மாசம் புது வெர்ஷனுக்கு மாத்தினேன்."

"எதோட வெர்ஷன்?"

"அடியில ஓடுறது."

ஒரு நிஜக் கணினிக்குள் பல பொய்க் கணினிகளை ஓட்டும் மென்பொருளைச் சொல்கிறார். எங்கள் கன்டெய்னர் அப்படியொரு பொய்க் கணினிக்குள்தான் குடியிருக்கிறது. வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டே இருந்தேன். அஸ்திவாரத்தை யார் பார்த்தது? அக்காவின் மேஜை, மாற்றிய சர்வரோடு இணைந்தது.

ஜூன் 7
அந்தச் சர்வரில் காலை முழுக்க நேரம் சரி. மதியம் தப்பு. நான் நெருங்கிப் பார்ப்பதற்குள் மறுபடி சரி! டாக்டரைக் கண்டதும் ஓடிப்போகும் பல்வலி.

ஜூன் 9
பிடித்துவிட்டேன். மதியம் தகவல்களுக்குப் பிரதி எடுக்கும்போது பொய்க் கணினி சில நிமிடம் உறைந்து நிற்கும். அந்நேரத்து அழைப்புகளை மற்ற சர்வர் வாங்கிக்கொள்வதால் யாருக்கும் தெரியாது. உறக்கம் கலைந்ததும் பழைய வெர்ஷன் கடிகாரத்தைச் சரிசெய்துவிடும். புதியது செய்யவில்லை; விட்ட இடத்திலிருந்தே எண்ணுகிறது. உள்ளே நேரத்தை ஒத்துப்பார்க்கும் இன்னொரு நிரல் மெதுவாகச் சரிசெய்து முடிக்கும்வரை, இப்போது வரும் அழைப்பு முன்பே வந்ததாகப் பதிவாகும். வண்டி கிளம்பிய நேரத்தை எழுதுவது வண்டியிலுள்ள கருவி. அது சரியாகத்தான் இருந்தது. நடந்தே இராத காத்திருப்பு!

அக்கா உடனேதான் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும்.

'உம்' முன்னால் உறையவைத்துக் காட்டினேன். "அடப்பாவி," என்றார்.

ஜூன் 11
கட்டுப்பாட்டு அறை மேலாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்டார்: "ரெக்கார்டு பொய் சொல்லுமா மேடம்?"

"சொல்லிடுச்சு சார்."

அக்காவை வரச்சொல்லிவிட்டார்கள். போன் செய்தேன். "சரி," என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூன் 16
திருத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். அக்கா அழைப்பில் இருந்தாள். "பதறாதீங்கம்மா, வண்டி கிளம்பிடுச்சு. மூச்சு வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க... நான் லைன்லயே இருக்கேன்." அவளிடம் இப்படியொரு குரல் இருப்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது. அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு நான் வந்ததே இல்லையே.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே, பக்கத்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.