ஓரிதா கொண்டு வந்த ஜாடி

அன்புள்ள சயோகோ,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன், கவலைப்படாதே. இந்த மலைக் கிராமத்தில் மறுசுழற்சிக்கு வரும் காலி பாட்டில்களை நிறம் பிரித்துப் போடும் வேலை பழகிவிட்டது.

நேற்று ஓரிதா என்ற பெரியவர் ஒரு கண்ணாடி ஜாடி நிறையப் பிளம் மது கொண்டு வந்தார். அவர் மனைவி கோடையில் போட்டு வைத்தது. அந்த அம்மாள் போன மாதம் இறந்துவிட்டார்.

“காலி பண்ணிக் கழுவித்தான் போடணும் ஐயா” என்றேன்.

“நீயே கொட்டிடுப்பா, எனக்குக் கை வரல. சர்க்கரை வியாதின்னு ஒரு சொட்டுகூட அவ எனக்குத் தந்ததில்ல.”

பக்கத்துச் சாக்கடையில் கொட்டினேன். அடியில் கொஞ்சம் மிஞ்சியபோது என் கையைப் பிடித்து நிறுத்தி, விரலால் தொட்டு நக்கினார்.

“புளிக்குதே! சர்க்கரையே போடலப்பா. இதை எனக்குன்னு போட்டிருக்கா…”

சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். ஜாடியையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

குளிர் அதிகம், கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. உன் முள்ளங்கி ஊறுகாயும் கொஞ்சம். என் ரத்தக் கொதிப்புக்காக நீ உப்பைக் குறைத்திருந்தாலும் இனிமேல் முகம் சுளிக்காமல் தின்பேன். லாரி வந்துவிட்டது.

உன் தாத்சுவோ