வாங்களேன், வந்துதான் பாருங்களேன்

ஜூன் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நம் வாலுப் பெண்ணும் உன் அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் போய்ப் பதினெட்டு நாளாகிறது. போனில் பேசினால் என் குரல் மறுபடியும் உன்னைக் குத்தும். அதனால்தான் கடிதம்.

அன்றைக்கு நீ பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உங்கம்மா தவறிட்டாங்க. அக்கா போன் பண்ணாங்க. கிளம்பு" என்றேன். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னேன் என்று அழுதாய். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டுதான் இருந்தது. அது குரலுக்கு வரவில்லை. லாரி மோதித் தலையில் அடிபட்டதிலிருந்து இப்படித்தான். டாக்டர் உன் முன்னால்தானே சொன்னார்? "பேச்சு வரும், புரியும். ஆனா குரல்ல இருக்கற கோவம், பாசம், கேலி எதுவும் இவருக்குப் பிடிபடாது. இவர் குரல்லயும் வராது."

திரும்பி வா.

உன்னவன்

ஜூன் 11

அன்புள்ள வாலின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பழையபடி நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பேசியதுபோல் இருந்தது. டாக்டர் சொன்னது தெரியும். தெரிந்து என்ன செய்ய? அம்மாவை அனுப்பிவிட்டு வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தேன். நீங்கள் தட்டினீர்கள். "ஒண்ணும் வேணாம், போங்க" என்றேன். "சரி" என்று போய் டிவி போட்டீர்கள். அந்தக் குரலில் ஒருத்தி சொன்னால் போகச் சொல்கிறாள் என்றா அர்த்தம்?

வாலு தினமும் கேட்கிறாள், "அப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று. இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

மாத்திரையை வேளாவேளைக்குப் போடுங்கள். கடிதம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்

ஜூன் 29

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். அவசர உதவி எண்ணில் பதினாறு வருஷம் போன் எடுத்தவன் நான். மூச்சை வைத்தே ஆள் பயத்தில் இருக்கிறாரா, விளையாடுகிறாரா என்று சொல்லிவிடுவேன். பாம்புச் செவி என்பார்கள். மறுபடி வேலையில் சேர்ந்ததும் ஒரு பெண் கூப்பிட்டாள். "ஒண்ணுமில்லங்க, நம்பர் தப்பா அழுத்திட்டேன்" என்றாள். வைத்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "அந்தம்மா குரல் நடுங்குறது உனக்குக் கேக்கலயா?" போலீஸ் வண்டி போவதற்குள் புருஷன்காரன் அவள் கையை உடைத்திருந்தான்.

இப்போது என்னை ஸ்டோர் ரூமில் போட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் போர்வைகளை மடிக்கிறேன்.

பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன். சந்தோஷமாகப் பேசக் கற்றுத் தருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் போன் செய்து "வரட்டுமா?" என்றேன். "வாங்களேன், வந்துதான் பாருங்களேன்" என்றாய். சந்தோஷத்தில் அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை வருகிறேன்.

உன்னவன்

ஜூலை 8

வாலின் அப்பாவுக்கு,

நான் உங்களைக் கூப்பிடவில்லை. "வந்துதான் பாருங்களேன்" என்றது, "வந்தீங்கன்னா தெரியும்" என்ற மிரட்டல். வேறு யாராக இருந்தாலும் புரிந்திருக்கும்.

வந்தீர்கள். வாலு ஓடி வந்து தான் வரைந்த படத்தைக் காட்டினாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி குரலை ஏற்றி இறக்கி "ரொம்ம்ப நல்லா இருக்கே" என்றீர்கள். நக்கலடிக்கிறீர்கள் என்று நினைத்துக் குழந்தை படத்தைக் கிழித்துப் போட்டாள். அக்கா வீட்டுக்காரர் "சகலை என்னமா பேசறாரு!" என்று சிரித்தார். பாராட்டு என்று நினைத்து நீங்களும் கூடச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அம்மா போனதைக்கூடத் தாங்கிவிட்டேன்.

இனி நேரில் வராதீர்கள். போனும் வேண்டாம். ஆனால் கடிதம் மட்டும் எழுதுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நான் கட்டிக்கொண்ட மனுஷன் இப்போது காகிதத்தில்தான் இருக்கிறார்.

நான்

ஜூலை 15

டீச்சரம்மாவுக்கு,

காகிதத்தில் இருந்தால் எனக்கு எல்லாம் புரிகிறது. உன் அக்கா வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்தது எனக்குத் தெரியாது. நீ எழுதியிருக்காவிட்டால் குழந்தை படத்தைக் கிழித்ததைத் தவிர அந்த சனிக்கிழமை நல்ல நாளாகவே எனக்குள் இருந்திருக்கும்.

எழுதுகிறவனை நீ வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய். வாசலில் வந்து நின்றவன் உனக்கு வேண்டாம். கடிதம் எழுதி உன்னைச் சந்தோஷப்படுத்திவிட்டு, இங்கே தனியாகப் போர்வை மடித்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் இருப்பது? எனக்கு அது முடியாது. இதுதான் கடைசிக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாலை உங்கள் தெருமுனைப் பூங்காவுக்கு அனுப்பு. நான் வந்து காத்திருப்பேன். அவள் சின்னவள். இந்தக் குரலையே அப்பா குரல் என்று பழகிக்கொள்வாள். உனக்குப் பழைய குரல் ஞாபகம் இருக்கிறது, உன்னால் முடியாது.

இதை எந்தக் குரலில் சொல்கிறேன் என்று யோசித்துக்கொண்டு உட்காராதே. எழுதியிருப்பதுதான் அர்த்தம்.

வாலின் அப்பா