நடுவில் ஆள் இல்லாத ஆட்டம்

18 நவம்பர் 1946, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தோணி ஆபீஸ் கூரை ஒழுகி டைப்ரைட்டர் மேலேயே சொட்டு. சரக்குப் பட்டியல் இரண்டு பிரதி. குடை ரிப்பேர் (இன்றும் மறந்தேன்).

மாலை கிளப் வாசகசாலை. பழைய வாக்குவாதம்தான். காசு வாங்கி ஆடுகிற டீம்களில் கால்பந்தை அதிகம் மாற்றியது எது? என் கட்சி: லண்டன் டீம். நடு ஆட்டக்காரனான சென்டர் ஹாஃபை அங்கிருந்து இழுத்துக் கோல் முன்னால் மூன்றாவது பேக்காக, தடுப்பதற்கென்றே நிறுத்தியவர்கள். அதற்குப் பிறகு உலகம் பூராவும் பதினோரு பேர் நிற்கிற இடமே மாறிவிட்டது. டிரில் மாஸ்டர் தர்மராஜ் கட்சி: வெறுங்காலோடு வெள்ளைப் பட்டாளத்துக்காரனை ஜெயித்த கல்கத்தா டீம். "அவுக சம்பளத்துக்கு ஆடலயே சார், கணக்குல வராது" என்றேன். "சம்பளம் வாங்குனாத்தான் ஆட்டமா வே?" என்று எழுந்துவிட்டார்.

மூன்றாவது கட்சிக்கு ஆள் இல்லை. அது எங்கள் டீம் சென்டர் ஹாஃப் மிக்கேல் கட்சி. ஸ்காட்லாந்துக்காரர்களைக் கூலிக்குக் கூட்டிவந்து, பந்தைக் கொடுத்து வாங்கி ஆடிய வட இங்கிலாந்து டீம். "பந்து வச்சிருக்கதுக்கு இல்லலே, குடுக்கதுக்கு" என்பான். சனிக்கிழமை கொழும்புச் சரக்குத் தோணியில் வேலைக்குப் போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் ஜன்னலில் தட்டிச் சொல்லிவிட்டுப் போவான். இந்தத் தடவை தட்டவில்லை. என் மேல் கோபம். இருக்கட்டும்.

19 செவ்வாய்

மழை. வேலை குறைவு. ஆகவே யோசனை அதிகம்.

பத்தாம் தேதி ஃபைனலை எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும். கப்பலில் வந்த பழைய பத்திரிகையிலிருந்து லண்டன் டீம் ஆட்கள் நிற்கிற இடம் காட்டும் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டியிருந்தேன். கேப்டன் நான்தான், அந்தப்படியே மிக்கேலைப் பின்னால் நிறுத்தினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நடுவுல யாருலே நிப்பா, பாண்டி?"

"லண்டன்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

எதிரே ஆடிய மில் டீம் காலியான நடுவில் இஷ்டத்துக்குச் சந்தை போட்டது. தாங்காமல் மிக்கேல் இரண்டு தடவை முன்னால் ஓடினான். அந்த இரண்டு தடவையும் எங்கள் பக்கம் கோல் விழுந்தது. மொத்தம் 4-1. எங்கள் கிளப் வழக்கம், தோற்ற ஆட்டத்துக்குக் கேப்டன் கிளப் நோட்டில் காரணம் எழுத வேண்டும், குறை யார் மேலோ அவன் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினேன்: "சென்டர் ஹாஃப் தன் இடத்தை விட்டுப் போனதால் தோற்றோம்." மிக்கேல் போட்டான்.

21 வியாழன்

பலத்த காற்று. கொடி மரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு. வெளியே நிற்கிற கப்பலுக்குப் படகு போகவில்லை.

வீட்டில் சுவர், துணி, புத்தகம் எல்லாம் ஈரம். என் நோட்டை எடுத்தால் மைதாப் பசை ஊறி, படம் கழன்று கையோடு வருகிறது. திருப்பினேன். பின்பக்கம் தொடர்ச்சி!! நான் ஒட்டி மூடிய பக்கம். சென்டர் ஹாஃப் பின்னால் போனால் முன்வரிசையில் ஆடுகிற இன்சைட் ஃபார்வர்டு இருவரும் இறங்கி வந்து நடுவை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த முறை வேலைக்கு ஆகாது என்று அச்சடித்திருக்கிறான்.

மிக்கேல் கேட்ட கேள்விக்குப் பதில். ஒரு மாதமாக என் அலமாரியில், பசைக்கு அடியில்.

அவன் வந்ததும் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும். சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருக்க வேண்டும்.

22 வெள்ளி

தோணி சேர்ந்ததாகக் கொழும்பிலிருந்து தந்தி இல்லை. ஆறு நாள். மானேஜர்: "காத்து எதிர்த்தா எங்கனயாவது ஒதுங்கியிருப்பான்." சரிதான். போன வருஷமும் ஒரு தோணி எட்டு நாள்.

மிக்கேல் மனைவி கித்தேரி ஆபீஸ் வாசலில், தலை நனைந்து. "தந்தி வந்துட்டா அண்ணாச்சி?"

"வந்துரும்மா."

அவள் போன பிறகு தோணி ஆட்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான் டைப் அடித்ததுதான். ஒன்பது பேர். அவன் ஆறாவது. எதற்குப் பார்த்தேன் தெரியவில்லை.

24 ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. ஆட்டம் இல்லை, மைதானம் குளம். தந்தி இல்லை.

அவனிடம் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "ஏலே மிக்கேலு, நீ சொன்னதுதாம்லே சரி." எவ்வளவு சின்ன வாக்கியம்.

26 செவ்வாய்

தந்தி. பதினொன்றரை மணிக்கு நான்தான் பிரித்தேன். தோணி இலங்கைக் கரையோரம் கற்பிட்டிக்கு அப்பால் உடைந்தது. ஏழு பேர் கரை சேர்ந்தார்கள். இரண்டு பேர் இல்லை. ஒன்று சமையல்காரர், வயசாளி. மற்றது அவன்.

மானேஜர், "நீரே போய்ச் சொல்லும், உமக்குத்தானே பழக்கம்" என்றார். மிக்கேல் வீடு இருக்கிற திரேஸ்புரம் வரை நடந்தேன். சைக்கிள் ஏறத் தோன்றவில்லை. கித்தேரி வலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

29 வெள்ளி

உடல் இல்லாமலே சர்ச்சில் பூசை. டீம் முழுக்க வந்தது. மில் டீமிலிருந்தும் நாலு பேர்.

பிறகு வாசகசாலை. தர்மராஜ் சார் மெதுவாக, "மிக்கேல் சொன்ன டீம்தான்னு முடிவு பண்ணிருவோமா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிச்சை போட்டா வாங்குவானா சார் அவன்? சண்டை போட்டுல்லா ஜெயிப்பான்" என்று கத்தினேன். பிறகு அழுதேன், எல்லார் முன்னாலும்.

பசை விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் கித்தேரியிடம்.

1 டிசம்பர், ஞாயிறு

வெயில். கிளப் நோட்டோடு திரேஸ்புரம். அவள் கண் முன்னால் அந்த வரியை அடித்து, உண்மையை எழுதி, நான் கையெழுத்துப் போடுவதாகத் திட்டம். அவளுக்குப் படிப்பு இல்லை.

"முதல்ல இருக்கத வாசிங்க" என்றாள்.

தைரியம் போய்விட்டது. "மிக்கேல் நல்லா ஆடுனான், ஆனாலும் தோத்துட்டோம்" என்று வாசித்தேன். இல்லாததை.

"அப்படி இல்ல அண்ணாச்சி. சென்டர் ஹாஃப் தன் இடத்தை விட்டுப் போனதால் தோற்றோம்." ஒரு எழுத்து மாறவில்லை. "தோணி ஏறுத வரைக்கும் இதத்தான் அவுக சொல்லிச் சொல்லி மருகுனாக."

எல்லாவற்றையும் சொன்னேன். படம், பசை, பின்பக்கம். தப்பு என்னுடையது, அவன் கேட்டதுதான் சரி. நான் பேனாவைத் திறந்தேன்.

"உங்க மேல கோவமே இல்ல அவுகளுக்கு. வெக்கம். அதான் உங்க ஆபீஸ் பக்கம் வரல" என்றாள். "தப்பு இல்லன்னா எதுக்குக் கையெழுத்துப் போட்டியன்னு நானும் கேட்டேன். 'பாண்டி இங்கிலீசு படிச்சவன், ஏளா. அவன் எழுதுனா சரியாத்தான் இருக்கும்'னாக."