பச்சைப் பட்டுப் பரிவட்டம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி வளைந்துவிட்டது. சரிசெய்யக் கொடுக்க வேண்டும்.

ம. ஞானப்பிரகாசம் ஆகிய நான், வயது ஐம்பது, ஜொகூர் பாரு கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன், இந்தப் பக்கங்களை எழுதும் நோக்கம் ஒன்றே: தெருவில் காதில் விழுவதையும் கோர்ட்டில் சொல்லப்படுவதையும் தனித்தனியே பிரித்து வைத்துக்கொள்வது. இன்று மாலை இரண்டும் கலக்கத் தொடங்கிவிட்டன. கலந்தால் இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை.

கோர்ட்டுக்குத் தெரிந்தது இவ்வளவே. தம்போய்ச் சாலைத் தோட்டம் ஒன்றில், சனிக்கிழமை காலை, ராமையா கங்காணி ரப்பர் மர நிரையில் வெட்டுண்டு செத்துக் கிடந்தார். அருகில் ரப்பர் பால் சேர்க்கும் வாளி ஒன்று. பால்வெட்டுத் தொழிலாளி வேலுவின் வாளி அது. நேற்று வேலு கைது. இன்று மாஜிஸ்திரேட் முன்னிலையில் வாக்குமூலம், மொழிபெயர்த்தது நான். அவன் சொன்னதை இங்கேயும் எழுதமாட்டேன். என் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் தாளுக்கும் விதி உண்டு.

வெளியே வந்தேன். வாசலில் பியூன், அவனுக்குக் கோர்ட்டு குமாஸ்தாக்கள் எல்லோரும் கிராணிதான்: "கிராணி ஐயா, எதுக்கு வெட்டுனானாம்?" தபால் ஆபீஸ் வாசலில் இன்னொருவர், அதே கேள்வி. ரொட்டிக் கடையிலும் அதுவே.

வெட்டினானா என்று ஒருவரும் கேட்கவில்லை. எதற்கு என்பது மட்டும்தான்.


நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். என் மனைவி செபமாலைக்கு முதுகுவலி. ஆகவே மதியம் ராவுத்தர் கடையில் சாப்பாடு. மீன் குழம்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை, குழம்பைப் பொறுத்தவரை.

நடு மேசையில் நடேசன், ஆஸ்பத்திரி டிரசர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது வேலை; பேசுவது தொழில். சுற்றிலும் ஒரு கூட்டம். சற்று நேரத்தில் கேட்டது:

"பொம்பள விசயந்தான். வேற என்ன?"

"போய்யா. கங்காணிக்குப் பல்லே கெடையாது லா."

"பல்லுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சிரிப்பு. ராவுத்தர் மட்டும், "செத்த மனுசனப் பத்திப் பேசுறீங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. யாருக்குக் கொழம்பு?" என்றார்.

டிரசர் கையை உயர்த்தினார். "நான் சொல்றேன், கேளுங்க. ஆடித் திருவிழா. அம்மன் கோயில். பூசாரி தட்டுல பரிவட்டம் எடுத்துட்டு வர்றாரு. பச்சைப் பட்டு, ஜரிகை போட்டது. வேலு குனிஞ்சு தலையக் காட்டுறான். கங்காணி பூசாரி கையத் தட்டிவிட்டு, 'இவனுக்கு என்னடா மரியாதை'ங்கிறாரு. அத்தன பேரு முன்னால! மானஸ்தன் சும்மா இருப்பானா?"

"அலாமாக்! நீங்க அங்க இருந்தீங்களா, டிரசரய்யா?"

"நான் எங்கய்யா இருந்தேன்? இப்படித்தான் இருக்கும்னு சொல்றேன். இல்லாட்டி எதுக்கு வெட்டுவான்?"

பிறகு பின் பெஞ்சைப் பார்த்தார். அங்கே முனியன், அதே தோட்டத்து மாட்டுவண்டிக்காரன், ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு பட்டணம் வந்தவன். "ஏன்யா முனியா, ஒங்க கோயில்ல பரிவட்டம் கட்டுவாங்கதான?"

"கட்டுவாங்க, டிரசரய்யா."

"பாத்தீங்களா!" மேசையில் ஓர் அடி. முனியனுக்கு ஒரு தேநீர், டிரசர் உபயம். அவன் வாயைத் திறந்தபடி கதை முழுவதையும் மறுமுறை கேட்டான். இரண்டாம் முறை ஜரிகை இன்னும் அகலமாயிற்று.

அப்புறம் என்மேல் திரும்பினார்கள். "இண்டர்பிரிட்டர் ஐயா வாயத் தொறக்கமாட்டாரு. தலையையாவது ஆட்டுங்களேன், சரியா தப்பான்னு."

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். "பாத்தியா, எந்திரிச்சிட்டாரு. அப்ப அதுதான்" என்று பின்னால் ஒரு குரல். நான் எழுந்ததும் சாட்சியமாகிவிட்டது.


நவம்பர் 6, வியாழன்

இன்றுவரை காதில் விழுந்த காரணங்கள்:

பெண். அதாவது அஞ்சலை, வேலுவின் மனைவி. அவளைக் கண்ணால் கண்டிராதவர்கள் அவள் நடையை வருணிக்கிறார்கள். எழுதக் கூசுகிறது.

கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பும் பட்டியலில் கங்காணி அவன் பெயரைச் சேர்த்தது. (ரப்பர் விலை விழுந்ததிலிருந்து எது நடந்தாலும் இதுவே.)

சாதி. ஒருவர் சொன்னது மேல்சாதித் திமிர். மற்றவர் சொன்னது கீழ்ச்சாதித் திமிர். இருவரும் சொன்னது ஒரே வேலுவை.

கள்.

செய்வினை. சொன்னவர் பள்ளி ஆசிரியர்!

சிங்கப்பூர்ப் பத்திரிகை கடற்பாலம் தாண்டி வந்தது: "தீராப் பகை." எந்தப் பகை, யாருக்கு யார்மேல், ஒன்றுமில்லை. தலைப்பின் எழுத்து மட்டும் பெரிது.

இரவுச் சாப்பாட்டில் செபமாலை: "என்னங்க, ஒங்ககிட்டயாவது சொல்லியிருப்பான்ல?"

"சொல்லியிருந்தாலும் சொல்லேன்."

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்? பூசை முடிஞ்சு மூணு பேரு கேட்டாங்க, அவ்வளவுதான்."

எழுந்து போய்ச் செருப்புக்குக் கறுப்பு மை போட்டேன். மை போட வேண்டிய தேவை இருக்கவில்லை. என் வீட்டிலும் அதே கேள்வி.


நவம்பர் 10, திங்கள்

ஆரம்ப விசாரணை. கனத்த மழை, ஆனாலும் கோர்ட்டில் நிற்க இடமில்லை. கூத்துப் பார்க்க வந்ததுபோல் கடலைப் பொட்டலத்தோடு வந்திருக்கிறார்கள். தரையெல்லாம் தோல். பியூனிடம் சொன்னேன், அவன் மடியிலும் ஒரு பொட்டலம்.

வேலு திறந்த கோர்ட்டில் சொன்னது, ஆகவே எழுதலாம்: "நான் வெட்டலீங்க தொரே. வாளி மொத நாளே காணாமப் போச்சுங்க."

மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னதன் சாரம்: ஒரு வாளி மட்டும் போதாது. இந்த ஆளுக்கு அந்த ஆளைக் கொல்ல என்ன காரணம்? அதைக் காட்டாவிட்டால் மேல் கோர்ட்டுக்கு அனுப்புவது கடினம். இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். கிடைத்தது.

மேல் கோர்ட்டு என்றால் தூக்குக் கயிறு. அது வேலுவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

குடை வந்துவிட்டது. கம்பி சரி; துணியில் புதிதாக ஒரு கிழிசல்.


நவம்பர் 12, புதன்

எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுத முயல்கிறேன்.

இன்ஸ்பெக்டரின் புதிய சாட்சி: முனியன், வண்டிக்காரன். சத்தியம் செய்தான். செய்துவைத்தது நான்.

"ஆடித் திருவிழாவுல எங் கண்ணால பாத்தேங்க. பூசாரி தட்டுல பரிவட்டம் எடுத்துட்டு வந்தாரு. வேலு குனிஞ்சு தலையக் காட்டுனான். கங்காணி பூசாரி கையத் தட்டிவிட்டாரு. 'இவனுக்கு என்னடா மரியாதை'ன்னாரு."

பரிவட்டம் என்றால் என்ன என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தெய்வத்துக்குச் சாத்திய துணியை மரியாதைக்குரியவர் தலையில் கட்டுவது என்று விளக்கினேன். எப்படிப்பட்ட துணி என்று கேட்டார். அதைத் தமிழில் கேட்டேன்.

"பச்சைப் பட்டுங்க. ஜரிகை போட்டது."

சொல்லுக்குச் சொல் அதே. வரிசைகூட மாறவில்லை. ராவுத்தர் கடை மீன் குழம்பின் வாசனை எனக்கு அங்கேயே வந்தது. என் நாக்கு நின்றது. மாஜிஸ்திரேட் பேனாவிலிருந்து தலையை நிமிர்த்தினார். மொழிபெயர்ப்பாளன் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த விதியை இளையவர்களுக்குக் கற்பித்தவன் நானே. இங்கிலீஷில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

கூண்டிலிருந்து வேலு: "தொரே, எங்க கோயில்ல பட்டே கெடையாதுங்க! அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கோயிலுங்க! மஞ்சத் துணிதாங்க கட்டுவாங்க!" சார்ஜன்ட் அதட்டினான். இதையும் மொழிபெயர்த்தேன். மாஜிஸ்திரேட் தலையசைத்தார். கழுத்துக்குக் கயிறு வரும்போது துணியின் நிறத்தைப் பற்றி யார்தான் கத்தமாட்டார்கள் என்ற தலையசைப்பு.

கூட்டத்தில் ஒரு கிசுகிசு, டிரசர் குரல் இல்லை: "நான் அன்னிக்கே சொன்னேன்ல, பரிவட்டம்னு!" மகிழ்ச்சி. கையைத் தேய்த்துக்கொள்ளும் மகிழ்ச்சி.

வெள்ளிக்கிழமை தீர்மானம்.

படியிறங்கும்போது மரத்தடியில் அஞ்சலை. சிறு பெண், சிலேட்டு நிறச் சேலை, நனைந்திருந்தாள். நடையைப் பற்றி நான் கேட்ட எதுவும் உண்மையில்லை. ஒரு கால் சற்றுச் சாய்வு.

"ஐயா, நீங்க சொல்றதத்தான தொரை கேக்குறாரு?"

"ஆமாம்மா."

"எம் புருசன் வெட்டலேன்னாரே. அத அப்படியே சொன்னீங்களா?"

"அப்படியே சொன்னேன்."

"அந்த வண்டிக்காரன் சொன்னதையும் அப்படியே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ரெண்டும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரிதான்."

"சரிங்கய்யா" என்று தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை.


நவம்பர் 13, வியாழன்

தூறல்.

வேலு வெட்டினானா என்பது எனக்குத் தெரியாது. தெளிவாக எழுதிவைக்கிறேன்: தெரியாது. வெட்டியிருக்கலாம். ஆனால் பச்சைப் பட்டுக்காக இல்லை. அந்தப் பட்டு பிறந்த இடத்தில் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

முனியன் ஏன் இப்படிச் செய்தான்? இன்ஸ்பெக்டர் மேல் பயமா, கோர்ட்டில் நாலு பேர் பார்க்க நிற்கும் ஆசையா, கேட்டுக் கேட்டுத் தானே பார்த்ததாக நம்பிவிட்டானா, அல்லது கங்காணி இடத்துக்கு...

நிறுத்தினேன். நானும் காரணம் தேடுகிறேன். இந்த நோய் தொற்றும்.

காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் டிரசரைப் பிடித்தேன். யாருடைய காலுக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பச்சைப் பட்டு என்று எப்படிச் சொன்னீர்?"

"அட, அதுவா? எங்க ஊருக் கோயில்ல அப்படித்தாங்க. பட்டுன்னு சொன்னாத்தான கேக்குறவனுக்குக் கண்ணுல நிக்கும்?"

"முனியன் அதை நேற்றுச் சத்தியம் செய்து சொன்னான்."

சிரித்தார். "அடப் பாவி! ஜரிகையோடயா?"

"ஜரிகையோடு. நாளை கோர்ட்டுக்கு வந்து, அது உம்முடைய கற்பனை என்று சொல்லும்."

சிரிப்பு நின்றது. கட்டை ஒருமுறை அவிழ்த்து மறுபடி சுற்றினார். "ஐயா, நான் கவர்மெண்டு ஆளு. கடையில சும்மா பேசினதுக்கெல்லாம் கூண்டுல ஏறுவாங்களா? நான் அப்படிச் சொல்லவே இல்லேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" சற்றுக் குரலைத் தாழ்த்தி: "ஆனா ஒண்ணு பாத்தீங்களா? நான் சொன்னதுதான சரியாப் போச்சு."

இந்த மனிதர் புண்ணைக் கழுவும் வேலையில் இருக்கிறார்.

மதியம், தலைமைக் கிராணி இஞ்சே யூசோப்பிடம் விதி கேட்டேன். மரியாதையான மனிதர், என்மேல் அன்புள்ளவர். மலாயில் சொன்னார்: "ஜாங்கான் சம்பூர், துவான்." தலையிடாதீர்கள், ஐயா. மேலும் சொன்னது: மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சாட்சி சொன்னால் பிறகு எந்த வழக்கில் எந்தப் பக்கம் உங்களை நம்பும்? ஆள் குறைக்கும் காலம் இது. உங்கள் நாற்காலிக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள். அவர் சொன்னது முழுவதும் சரி.

மாலை வீட்டில் செபமாலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக ஒரு வழக்கைப் பற்றி அவளிடம் பேசினேன். காபியைக் கீழே வைத்தாள்.

"நான்கூட அந்தப் பரிவட்டத்த மாதா கோயில்ல ரெண்டு பேருகிட்டச் சொன்னேங்க" என்றாள். கொடியில் கிடந்த சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு: "வேலை போனா?"

"போகலாம்."

"வெள்ளச் சட்டை தொவச்சிருக்கேன். காயல. அடுப்பு மேல போடுறேன்."

ஆகவே. நாளை வெள்ளிக்கிழமை, கோர்ட்டு கூடுமுன் மாஜிஸ்திரேட் அவர்களைப் பார்ப்பேன். இந்த வழக்கின் மொழிபெயர்ப்பிலிருந்து என்னை விடுவிக்கக் கேட்பேன். இளைய மொழிபெயர்ப்பாளர் சின்னப்பன் என் இடத்தில் நிற்கட்டும். பிறகு சாட்சியாக என்னை அழைக்கக் கேட்பேன். அனுமதித்தால் சத்தியம் செய்து, ராவுத்தர் கடையில் கேட்டதைக் கேட்டபடியே சொல்வேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், வேலுவைப் பற்றி எனக்குத் தெரியாததைத் தெரியாது என்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் இங்கிலீஷில் சொல்லச் சொல்வார்கள். தமிழில்தான் சொல்வேன். கூண்டில் நிற்பவனுக்கும் மரத்தடியில் நிற்பவளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வேன்.