தொட்டியில் யார் மீன்

14-7-1957, ஞாயிறு.

இன்றும் மைத்துனர் பெங்களூரிலிருந்து வெறுங்கையோடு வரவில்லை. ஜூஜுவாடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் தூக்குச்சட்டி, உள்ளே ஒரு ஜோடித் தங்கமீன். முன்பெல்லாம் தன் தங்கை வீட்டுக்குப் பூவும் பழமும் வாங்கி வந்த மனிதர். எங்கள் கண்ணாடித் தொட்டியைப் பார்த்த நாள்முதல் மீன்தான் சீர். என் தங்கையும் விடுவதில்லை, போட்டிக்கு அவளும் கொண்டுவருகிறாள்.

தொட்டியோ சின்னது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. மைத்துனர் கிளம்பியதும், பாதியைக் கிணற்றில் விடலாம் என்றேன். மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கண்ணன் குடுத்தத கெணத்துல போடுவீங்களா? உங்க தங்கச்சி கொண்டாந்தத மொதல்ல எடுங்க."

எடுத்தால் தங்கை சும்மா இருப்பாளா? வாசலில் கால் வைத்ததும் தன் மீனைத்தான் தேடுவாள்.

கடைசியில், கேட்க ஆளில்லாத மீன் ஒன்றுதான் இருந்தது. நான் ஆசைப்பட்டு முதன்முதலில் வாங்கியது. அதைப் பிடித்துக் கிணற்றில் விட்டேன். இருட்டில் போன திசைகூடத் தெரியவில்லை.

திரும்பி வந்தால் மனைவி தொட்டியருகில் சிரித்த முகமாக நிற்கிறாள்.

"இப்ப எடம் ஆயிடுச்சில்ல? அண்ணன்கிட்ட இன்னொரு ஜோடி கொண்டாரச் சொல்றேன்."

அவள் தூங்கிவிட்டாள். மீன்கள் இன்னும் மேலேதான் நிற்கின்றன.